செவ்வாய்க்கிழமை இருமல்

அந்தப் பள்ளிக்கூடத்தில் கூடுதல் கற்றல் ஆதரவு மையம் என்று ஒன்று இருந்தது. இருந்ததா என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். தாழ்வாரத்தின் கோடியில், தண்ணீர்க் குழாய்க்கு எதிரே, நீலச் சாயம் அடித்த கதவு. கதவில் கைகோத்து நிற்கும் காகிதப் பிள்ளைகள். உள்ளே கால் புதைகிற விரிப்பு, பிளாஸ்டிக் உறை பிரிக்காத பஞ்சு இருக்கைகள், அலமாரி நிறைய வண்ண மரக்கட்டைகள். ஒரு குறை சொல்ல முடியாது. பிள்ளைகள் உள்ளே வந்து எதையும் கலைத்துவிடாமலும் கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

பதினெட்டாம் எண் பேருந்தை ஓட்டுகிற டிரைவர் அந்தக் கதவைத் தட்ட நேர்ந்தது அவருடைய மகளால். பிறக்கும்போது கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்ததால் அவளுக்கு மிளகு என்று அத்தைக்காரி வைத்த செல்லப்பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. மூன்றாம் வகுப்பு. வாயால் கேட்டால் எந்தக் கேள்விக்கும் டாண் டாணென்று பதில் சொல்லுவாள். காகிதத்தில் கேட்டால் போச்சு. எழுத்துகள் தனித்தனியாக நிற்கும்போது அவளுக்கு அத்தனையும் தெரியும். சேர்ந்து வரிசையில் நின்றுவிட்டால் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு அவளை ஒரு வழி பண்ணிவிடும். அவள் முதல் வரியை முடிப்பதற்குள் மற்ற பிள்ளைகள் பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள். இந்த வருடம் வாசிப்பில் தேறாவிட்டால் தோழிகளெல்லாம் நாலாம் வகுப்புக்குப் போக, அவள் மட்டும் அதே பெஞ்சில் உட்கார வேண்டும். காலையில் பள்ளிக்கூடம் என்றாலே வயிறு வலிக்கத் தொடங்கியிருந்தது. "நான் முட்டாளாப்பா?" என்று ஒருநாள் செருப்பை மாட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள். டிரைவருக்கு அன்றைக்கு வண்டி ஓட்டவே கை ஓடவில்லை.

வீட்டில் முயற்சி செய்யாமல் இல்லை. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் பில் போடுகிற கவுண்டரில் வேலை; மதியம் போனால் மிளகு தூங்கிய பிறகுதான் வருவாள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் இரண்டாம் வரியில் அவள் குரல் உயரும், மூன்றாம் வரியில் மிளகு அழுவாள், நாலாம் வரியில் இரண்டு பேருமே அழுதுகொண்டிருப்பார்கள். டிரைவர் உட்கார்ந்தால் சண்டையே வராது. இருட்டோடு எழுந்து முதல் வண்டி எடுத்த மனிதர் முதல் வரியிலேயே தூங்கிவிடுவார்.

வகுப்பு டீச்சர்தான் வழி சொன்னார். "அவளுக்கு மூளை இல்லாம இல்ல சார். பக்கத்துல ஒருத்தர் பொறுமையா உக்காரணும். தடுக்கற எடத்துல நிறுத்தி, மறுபடி வாசிக்க வைக்கணும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும், புடிச்சுக்குவா. நானே செய்வேன், ஆனா எனக்கு நாப்பது பிள்ளைங்க இருக்கே. நீங்க அந்த நீலக் கதவத் தட்டுங்க. அதுக்குன்னே ஒரு மையம் வச்சிருக்காங்க."

தட்டினார்.

முதல் கூட்டத்துக்குக் காலை வண்டியை முடித்துவிட்டுச் சீருடையோடு ஓடினார். உள்ளே நாற்காலிகளை வட்டமாகப் போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு குட்டி நாற்காலி, சிவப்பு. வேறு இடம் இல்லாததால் டிரைவர் அதில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தார்.

"சார், அது குழந்தையோட நாற்காலி," என்றார் மையத்தின் ஒருங்கிணைப்பாளர் அம்மா. குரலில் கோபம் இல்லை. கோபப்படுவதில்லை என்று அந்த மையத்தில் தீர்மானம் போட்டிருந்தார்கள்.

"ஐயோ, தெரியாமப் போச்சுங்க. பாப்பா க்ளாஸ்லதான் இருக்கா. போய்க் கூட்டிட்டு வரட்டுமா?"

"குழந்தை வரக் கூடாது சார். இது குழந்தைய மையமா வச்சு நடக்கற கூட்டம். நாம யாரும் குழந்தைய மறந்துடக் கூடாது இல்லையா, அதுக்காகத்தான் அந்த நாற்காலி. அது எப்பவும் காலியாத்தான் இருக்கணும்."

டிரைவர் எழுந்து சுவரோரமாக நின்றார். நாளெல்லாம் உட்கார்ந்தே இருக்கிற உத்தியோகம், நிற்பது இடுப்புக்கு நல்லது என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

ஒவ்வொருவரும் தம்மிடம் உள்ள ஒரு நல்ல குணத்தைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். ஒருவர், தான் அடுத்தவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பவர் என்பதை விளக்கி வெகுநேரம் பேசினார். இன்னொருவருக்குக் குழந்தைகள் என்றால் உயிராம்; அதனால்தான் வகுப்பறையை விட்டு இந்தப் பதவிக்கு வந்தாராம். டிரைவரின் முறை வந்தது. என்ன சொல்லுவார்? "எனக்குக் கொஞ்சம் பொறுமை உண்டுங்க," என்றார். அதை யாரோ பலகையில் எழுதி அடிக்கோடு போட்டார்கள். பின்னால் அதுவே அவருக்கு வினையாக முடிந்தது.

"நாங்க பிரச்சினைன்னு எதையும் சொல்றதில்ல," என்றார் ஒருங்கிணைப்பாளர் அம்மா. "தேவைன்னு சொல்லிட்டிருந்தோம். அதையும் போன வருஷத்தோட நிறுத்தியாச்சு. இப்ப 'வளர்ச்சி வாய்ப்பு'ன்னு சொல்றோம். உங்க பொண்ணுக்கு வாசிக்கறதுல நெறைய வாய்ப்பு இருக்கு."

"சரிங்கம்மா. யாராச்சும் பக்கத்துல உக்காந்து அவள வாசிக்க வைப்பாங்களா?"

"அதுக்குத்தான சார் நாங்க இத்தனை பேர் உக்காந்திருக்கோம்?"

டிரைவர் வட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் மிளகை மதிப்பீடு செய்ய வேண்டும், அதற்கு வரிசை இருக்கிறது, அப்பாவுக்குத்தான் பொறுமை உண்டே, கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. "ஆனா காத்திருக்கறவங்கள நாங்க தனியா விட்டுட மாட்டோம்," என்றார் அம்மா. "காத்திருப்போர் ஆதரவுக் குழுன்னு ஒண்ணு நடத்தறோம். கண்டிப்பா வரணும். வரலேன்னா காத்திருக்கறதா எடுத்துக்க மாட்டோம்."

டிரைவர் டிப்போவில் சுருட்டைத் தலையன் ஒருவனிடம் கெஞ்சி, புதன்கிழமை மாலை வண்டியை அவன் தலையில் கட்டிவிட்டுக் காத்திருக்கப் போனார். காத்திருப்பது எப்படி என்று படம் போட்டு விளக்கினார்கள். மூச்சை இழுக்க வேண்டும், நிறுத்த வேண்டும், விட வேண்டும். டிரைவர் இழுத்தார், நிறுத்தினார், விட்டபோது அது குறட்டையாக வந்தது. எழுப்பிவிட்ட பயிற்சியாளர், இவ்வளவு ஆழமாகக் காத்திருந்த பெற்றோரைத் தான் பார்த்ததே இல்லை என்று எல்லோரையும் கைதட்டச் சொன்னார்.

"யோவ், என்னதான்யா சொல்றாங்க அங்க?" என்று கேட்டான் சுருட்டை.

"மூச்சு விடச் சொல்றாங்க."

"அதுக்கா என் சாயங்காலத்தக் கெடுத்த? இங்கயே விட்டுத் தொலைய வேண்டியதுதான?"

மழையெல்லாம் ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கிய பிறகு மிளகின் முறை வந்தது. மதிப்பீட்டாளர் ஒல்லியான மனிதர். பள்ளி பள்ளியாக அலைகிறவர். தோளில் சாயம் போன பை, கண்ணுக்குக் கீழே கருவளையம். வந்ததும் வராததுமாக அந்தச் சிவப்பு நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டு, மிளகை அதில் உட்கார வைத்தார். அந்த நாற்காலியில் ஒரு குழந்தை உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. ஒருங்கிணைப்பாளர் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் விட்டுக் கொடுத்தார்.

"ஒண்ணு சொல்லிடறேங்க," என்றார் மதிப்பீட்டாளர் டிரைவரிடம், குரலைத் தாழ்த்தி. "நான் இவளுக்குச் சொல்லித் தரக் கூடாது. தப்புன்னா திருத்தக் கூடாது. மதிப்பிட மட்டும்தான் எனக்கு அனுமதி. அப்பறம் நீங்க வருத்தப்படக் கூடாது."

டிரைவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். கதவு ஒருச்சாய்த்திருந்தது. உள்ளே மணி அடிக்கவில்லை, யாரும் அவசரப்படுத்தவில்லை. அவர் கேள்வியை ஒரு தடவை நிதானமாக வாசித்துக் காட்டுவது கேட்டது. பிறகு மிளகு ஒரு பத்தியைத் தட்டுத் தடுமாறி வாசிப்பது கேட்டது. நடு நடுவே அவர் இருமினார். பாவம், இந்தப் புழுதியில் அலைகிற மனிதருக்கு இருமல் வராமல் என்ன செய்யும் என்று டிரைவர் நினைத்துக்கொண்டார்.

முடிவு அன்றைக்கே தெரிந்துவிட்டது. மிளகு சராசரிக்கு மேல். ஆதரவு தேவையில்லை.

"வாழ்த்துகள் சார்!" என்று ஒருங்கிணைப்பாளர் அம்மா டிரைவரின் சட்டையில் ஒரு நட்சத்திரத்தை ஒட்டினார்.

"க்ளாஸ்ல நேத்திக்குக்கூட முட்டை வாங்கியிருக்காளேம்மா."

"க்ளாஸ் எங்க வரம்புல வராது சார். நாங்க பாத்தது இந்த ரூம்ல. இந்த ரூம்ல அவளுக்கு ஒரு கஷ்டமும் இல்ல."

"இந்த ரூம்ல பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருந்தாரு. கேள்விய வாசிச்சுக் காட்டினாரு. வெரட்டல. நாங்க கேக்கறதும் அதத்தானங்கம்மா?"

"அது உதவி இல்ல சார். அது மதிப்பீட்டு முறை. உதவி வேணும்னா, உதவி தேவைன்னு மதிப்பீட்டுல வரணும்."

"உதவி பண்ணிட்டுப் பாத்தா தேவைன்னு எப்படிம்மா வரும்?"

அம்மா அந்தக் கேள்வியைக் குறித்துக்கொண்டார். கேள்விகளைக் குறித்துக்கொள்வதில் அந்த மையம் கெட்டி.

"திருப்தி இல்லேன்னா மேல்முறையீடு செய்யலாம்," என்றார் பிறகு, ஆறுதலாக. "செஞ்சா அடுத்த செவ்வாய்க்கிழமையே மறுபடி மதிப்பிட்டாகணும். அது விதி. எத்தனை தடவை வேணும்னாலும் செய்யலாம். ஆனா யாரும் செய்யறதில்ல. பெத்தவங்க பெரும்பாலும் அதுக்குள்ள களைச்சுப் போயிடறாங்க. அந்த விதத்துல எங்க நடைமுறை ரொம்ப நல்லா அமைஞ்சிருக்கு."

டிரைவர் ஏற்கெனவே களைத்துத்தான் இருந்தார். அதற்கு மேல் களைக்க உடம்பில் இடம் இல்லை. மேல்முறையீடு செய்தார். செவ்வாய்க்கிழமை மதிப்பீட்டாளர் மறுபடி வந்தார், பக்கத்தில் உட்கார்ந்தார், இருமினார். மறுபடியும் சராசரிக்கு மேல். இன்னொரு நட்சத்திரம்.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது மிளகு ஒரு கடை வாசலில் நின்றாள். பலகையைப் பார்த்து, "இங்கே சாவி செத்து..." என்று வாசித்தாள். நின்றாள். தானாகவே ஒரு தடவை இருமினாள். "செய்து. இங்கே சாவி செய்து தரப்படும்," என்றாள்.

"ஏம்மா இருமற, சளி புடிச்சிருக்கா?"

"இல்லப்பா. தப்பா வாசிச்சா அந்த மாமா இருமுவாரு. இருமினா மறுபடி பாக்கணும். சரியா வாசிக்கற வரைக்கும் இருமுவாரு. அவருக்குத் தொண்டை வலிக்கும் பாவம், அதான் நான் சீக்கிரமாத் திருத்திடுவேன்."

சொல்லிவிட்டு அவள் அடுத்த கடைப் பலகைக்கு ஓடினாள். அவளாகப் பலகைகளைத் தேடி ஓடுவதை டிரைவர் இதற்கு முன் பார்த்ததில்லை. அவருக்கு அப்போதும் விளங்கவில்லை. மறுநாள் வண்டி சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் மண்டையில் உறைத்தது. பச்சை விழுந்து, பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரனை அழுத்திப் பிடித்துத் திட்டும்வரை அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்தே பல நாள் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது மனைவியிடம் சொன்னார்.

"வாராவாரமா? பொய்யா வழக்குப் போடச் சொல்றீங்களா?" என்றாள் அவள், வாயில் கிளிப்போடு.

"பொய் என்ன இருக்கு? முடிவு நமக்குப் புடிக்கலேன்னு எழுதணும், அவ்வளவுதான்."

அவள் ஈரச் சட்டையை ஓங்கி உதறினாள். "புடிக்கத்தான் இல்லையே. எழுதுங்க."

எழுதினார். வாராவாரம் எழுதினார். வாராவாரம் மிளகு சராசரிக்கு மேல் என்று தீர்ப்பு வந்தது. வாராவாரம் டிரைவர் அதைக் கேட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். ஆதரவு தேவையில்லை என்று நிரூபிப்பதற்காக அவளுக்கு வாரம் ஒரு மணி நேரம் முழு ஆதரவு கிடைத்தது. சட்டைப்பையில் நட்சத்திரம் ஒட்ட இடம் இல்லாமல் போயிற்று. சுருட்டைக்குத் திருப்பி ஓட்ட வேண்டிய வண்டிகள் மலையாகக் குவிந்தன. ஞாயிறு, பண்டிகை என்று பாராமல் டிரைவர் ஓட்டிக் கழித்தார். அவருக்குக் கண்கள் குழி விழுந்தன.

ஒரு தடவை கொடுத்த பத்தியை மறுபடி கொடுக்கக் கூடாது என்று விதி. பையில் இருந்த பத்திகள் தீர்ந்ததும் மதிப்பீட்டாளர் ஒரு கதையைத் துண்டு துண்டாகக் கொண்டுவரத் தொடங்கினார். கலங்கரை விளக்கத்தின் உச்சிக்குப் படியேறிப் போய்விட்டு இறங்கத் தெரியாமல் நிற்கிற ஆட்டின் கதை. மிளகுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் வயிறு வலிப்பதே இல்லை.

இருமலை ஒருங்கிணைப்பாளர் அம்மாவும் கவனிக்காமல் இல்லை. மனிதர்கள் மேல் அக்கறை உள்ள மையம் அது. காற்றோட்டம் போதாது என்று குழு அமைத்து, மூன்று கூட்டம் போட்டு, சுவரில் ஒரு மின்விசிறி பொருத்தி, நாடா வெட்டித் திறந்துவைத்தார்கள். மதிப்பீட்டாளர் அதற்கடியில் உட்கார்ந்து முன்னைவிட நன்றாக இருமினார்.

இப்படியே போயிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. வருடக் கடைசி நெருங்கும்போது மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். தலைமை ஆசிரியர் அவர் முன்னால் மேடையேறி முழங்கினார்.

"இந்த வருஷம் நம்ம மையம் செஞ்ச மதிப்பீடு இதுக்கு முன்னாடி எந்த வருஷத்துலயும் கிடையாது! வாராவாரம்! விடாம! அவ்வளவு மதிப்பிட்டும் ஆதரவு தேவைன்னு வந்தது எத்தனை பேருக்கு? ஒருத்தருக்கும் இல்ல! கைவிட்ட குழந்தைன்னு இந்தப் பள்ளிக்கூடத்துல ஒண்ணு கூடக் கிடையாது. ஏன்னா நாங்க எந்தக் குழந்தையையும் கையில எடுக்கறதே இல்ல!"

கைதட்டல் ஓய்ந்ததும் அதிகாரி மெதுவாகக் கேட்டார்: "ஒருத்தருக்குமே குடுக்கலேன்னா, ஆதரவுக்குன்னு வந்த நிதி அப்படியே இருக்குமே? அதத் திருப்பி அனுப்பணுமே?"

உடனே ஓர் ஆதரவற்ற குழந்தையைத் தேடினார்கள். வெகுதூரம் தேட வேண்டியிருக்கவில்லை.

டிரைவரையும் மிளகையும் நீலக் கதவுக்குள் அழைத்தார்கள். அதே வட்டம், அதே ஆட்கள். நடுவில் சிவப்பு நாற்காலியின் மேல் ஒரு மஞ்சள் வில்லை. மிளகு உட்காரப் போனாள். வில்லை இருப்பதால் நிற்கச் சொன்னார்கள்.

"ஜெயிச்சுட்டீங்க சார்!" என்றார் ஒருங்கிணைப்பாளர் அம்மா. உண்மையிலேயே அவருக்குக் கண் கலங்கியது. "முழு ஆதரவு. முதல் வகை. இந்த மையத்தோட சரித்திரத்துலயே முதல் குழந்தை உங்க பொண்ணுதான்."

"ரொம்ப சந்தோஷம்மா. என்னென்ன செய்வீங்க?"

"இந்த வில்லைய அவ எப்பவும் சட்டையில குத்திக்கணும். அவ மேஜையில, 'இக்குழந்தைக்கு ஆதரவு வழங்கப்படுகிறது'ன்னு ஒரு அட்டை ஒட்டுவோம். ஒரு பஞ்சு இருக்கை அவ பேர்ல ஒதுக்கியாச்சு. உறை மட்டும் பிரிக்கக் கூடாது. மாசாமாசம் உங்களோட கூட்டம் போடுவோம்."

"பக்கத்துல யார் உக்காருவாங்க?"

"அதுக்கு ஒரு உதவி ஆசிரியர் பதவிக்கு அனுமதி வாங்கியாச்சு. ஆள் எடுக்கறதுக்கு ஒரு குழு போடணும். அந்தக் குழுவ யார் போடறதுங்கறதுக்கு முதல்ல ஒரு குழு வேணும்."

"அதுவரைக்கும் செவ்வாய்க்கிழமை மதிப்பீடு..."

"இனிமே மதிப்பீடே கிடையாது சார்! ஆதரவு பெறுகிற குழந்தைய மறுபடி மறுபடி மதிப்பிட்டா அதோட மனசு புண்படும். நாங்க அந்த மதிப்பீட்டாளர வேற பள்ளிக்கூடத்துக்கு மாத்தச் சொல்லிட்டோம்."

"அப்ப ஆடு?" என்றாள் மிளகு.

யாருக்கும் விளங்கவில்லை. அவள் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "ஆடு இன்னும் மேலதான் நிக்குதுப்பா. படி வழியா எட்டிப் பாத்துட்டு அழுதுட்டு நிக்குது. மாமா வரலேன்னா அது எப்படிக் கீழ வரும்?"

முதல் குழந்தையைப் படமெடுக்க வரவழைத்திருந்த புகைப்படக்காரர் எல்லோரையும் சிரிக்கச் சொன்னார். டிரைவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை நடை நடந்து, இத்தனை பேரிடம் பல்லைக் காட்டி, கடைசியில் ஜெயித்தாயிற்று. ஜெயித்ததுதான் குடியைக் கெடுத்தது. இருட்டோடு எழுந்து வந்த களைப்பு அத்தனையும் அந்த நிமிடத்தில் தோளில் வந்து உட்கார்ந்தது. அப்படியே கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். மிளகின் கை அவர் கையை விடவில்லை.

"அம்மா," என்றார். "இந்த முடிவு மேலயும் மேல்முறையீடு உண்டுங்களா?"

"எந்த முடிவு மேலயும் உண்டு. ஆனா உங்களுக்கு எதுக்கு சார்? நீங்கதான் ஜெயிச்சிருக்கீங்களே!"

"எனக்குத் திருப்தி இல்ல." தொண்டையைச் செருமிக்கொண்டார். "என் பொண்ணுக்கு எந்த உதவியும் தேவையில்ல. அவ நல்லாத்தான் இருக்கா. குடுத்தத எடுத்துக்குங்க."

மிளகின் கை அவர் கையிலிருந்து உருவிக்கொண்டது.

"எனக்கு வேணும்பா," என்றாள். சின்னக் குரல்.

டிரைவர் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவார்.

வட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ஒருங்கிணைப்பாளர் அம்மா கனத்த விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் கடமையால் பிரகாசமாயிற்று.

"எடுக்கலாம் சார். ஆனா நெனச்ச மாத்திரத்துல எடுத்துட முடியாது. குடுக்கறதுக்கு ஒரு தடவை பாத்தாப் போதும். குடுத்தத எடுக்கறது பெரிய பொறுப்பு. இவளுக்கு நெஜமாவே தேவையில்லயான்னு வாராவாரம் மதிப்பிட்டுப் பாக்கணும். ஒரு வருஷத்துக்காவது பாக்கணும். நடுவுல நிறுத்தக் கூடாது. அந்த மதிப்பீட்டாளரையே திருப்பிக் கூப்பிட்டாகணும். உங்களுக்குப் பொறுமை இருக்கா?"

"இருக்குங்கம்மா," என்றார் டிரைவர். "மொத நாளே சொன்னேனே. பலகையிலகூட எழுதுனீங்க."

தாழ்வாரத்தில் மிளகு அவருக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். தண்ணீர்க் குழாயடியில் நின்று சுவரைப் பார்த்தபடி, "நீயும் அவங்க மாதிரியே பேசற," என்றாள். டிரைவர் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். என்ன சொல்லிப் புரியவைப்பது? வேண்டாம் என்று சொன்னால்தான் இங்கே கொடுப்பார்கள், வேண்டும் என்று கேட்டால் நட்சத்திரம்தான் ஒட்டுவார்கள் என்பதை எட்டு வயசுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? அவருக்கே அது இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. "செவ்வாய்க்கிழமை வரைக்கும் அப்பாவ நம்புடா," என்று மட்டும் சொன்னார். அவள் நம்பவில்லை. வீடு வரைக்கும் எந்தப் பலகையையும் வாசிக்காமல் வந்தாள்.

செவ்வாய்க்கிழமை தாழ்வாரத்தின் கோடியில் அந்தச் சாயம் போன பையைப் பார்த்ததும் அவள் ஓடிய ஓட்டத்தில் அவளுடைய மஞ்சள் வில்லை கழன்று விழுந்தது. டிரைவர் அதைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே சிவப்பு நாற்காலியை இழுக்கும் சத்தம்.

"நேர வரம்பு கெடையாது," என்றார் மதிப்பீட்டாளரின் களைத்த குரல். "எங்க நிறுத்தினோம்?"

"மேல."

மிளகு வாசிக்கத் தொடங்கினாள். மெதுவாகத்தான் வாசித்தாள். ஆடு முதல் படியில் முன்னங்காலை வைத்தது. நடுங்கியது. அடுத்த படியில் வைத்தது. டிரைவர் இருமலுக்காகக் காது கொடுத்தார். வரவில்லை. ஆடு ஒரு சுற்று இறங்கியது, இன்னொரு சுற்று இறங்கியது. ஒரு சொல்லில் மிளகு நின்றாள். டிரைவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். உள்ளே அமைதி. அவளே அதைத் திரும்பப் பார்த்து, சரியாகச் சொல்லி, மேலே போனாள். காகிதத்தைத் திருப்பும் ஓசை கேட்டது. ஒரு பக்கம் முழுசும் முடிந்துவிட்டது. ஒரு இருமல்கூட இல்லை.

டிரைவர் சீருடைத் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஒருங்கிணைப்பாளர் அம்மா கையில் கோப்புகளோடு அடுத்த கூட்டத்துக்குப் போகிற வழியில் பெஞ்சருகே நின்று, தலையைச் சாய்த்து உள்ளே கேட்டார். அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா சார்?" என்றார். "அந்த மின்விசிறி போட்டதுக்கப்பறம் சாருக்கு இருமல் சுத்தமா நின்னுடுச்சு."

"ஆமாங்கம்மா," என்றார் டிரைவர், தொப்பியை எடுக்காமலே.